ஆள் எந்தப் பக்கம்? – ஒரு செமஸ்டரில் வாசித்த ஆறு புத்தகங்கள்

எங்கட ஆக்களிட்ட ஒரு புத்தகத்தைக் காட்டினால் முதலில் வருகிற கேள்வி "எப்பிடி இருக்கு?" இல்லை. "ஆள் எந்தப் பக்கம்?" என்பதுதான். எந்த இடத்தில் வாசிக்க ஏலாமல் மூடி வைத்தீர்கள், எந்த இடத்தில் கோபம் வந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எழுதினவர் இயக்கத்தை ஆதரித்தவரா, எதிர்த்தவரா, வேறு இயக்கத்தில் இருந்தவரா, வெளிநாட்டில் இருந்துகொண்டு எழுதுபவரா, அரசாங்கத்தோட நிண்டவரா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் புத்தகம் வாசித்து முடிந்த மாதிரித்தான். எங்கட பக்கம் எண்டால் நல்ல புத்தகம். மற்றப் பக்கம் எண்டால் அது புத்தகமே இல்லை.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. இந்தக் கேள்வி பிழையான கேள்வி இல்லை. அதைக் கேட்கிற நேரம்தான் பிழை. வாசிக்க முதல் கேட்டால் வாசிப்பு அதோடு நின்றுவிடுகிறது. வாசித்து முடித்த பிறகு கேட்டால் அதிலிருந்துதான் நல்ல சண்டைகள் தொடங்குகின்றன.

இந்தக் கேள்வி சும்மா வந்ததும் இல்லை. எங்கட அம்மா அப்பாமாரின் காலத்தில் எழுதினதற்காக, கதைத்ததற்காக, ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் வைத்திருந்ததற்காக ஆக்கள் காணாமல் போனார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்த கவிஞர் செல்வி 1991 ஓகஸ்டில் கடத்தப்பட்டார், திரும்பி வரவில்லை. அப்படியொரு காலத்தில் "ஆள் எந்தப் பக்கம்?" எண்டு கேட்டது உயிரைக் காப்பாற்றிக்கொள்ள. அதை நாங்கள் நக்கலடிக்கவில்லை. ஆனால் 2009 மே மாதத்தில் எங்கட குழுவிலேயே மூத்த ஆளுக்கு வயது ஏழு. எங்களுக்கு அந்தக் கேள்வி உயிர் காக்கிற கேள்வியாக வந்து சேரவில்லை. வாசிக்காமல் இருப்பதற்கான ஒரு வசதியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

நாங்கள் ஏழு பேர். யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, மட்டக்களப்பு, ஏறாவூர், மஸ்கெலியா எண்டு பல இடம். எல்லாரும் கலைப்பீடம். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் சனிக்கிழமை பின்னேரம் இருந்து கதைப்போம். போன செமஸ்டர் தொடங்கும்போது ஒரு விதி வைத்தோம். முதல் சுற்றில் எழுத்தாளரைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. புத்தகம் தன்னை என்ன செய்தது என்று மட்டும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பின்னட்டை வாசிக்கலாம், ஃபோனை எடுத்துத் தேடுவது இரண்டாம் சுற்றில்தான். கீழே இருப்பது விமர்சனம் இல்லை. அந்த முதல் சுற்றுகளில் வந்தவை.

தொடங்கினது ஒரு ஆங்கில நாவலோடு. வி. வி. கணேஷானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்'. 2024 ஆம் ஆண்டு பெண்களுக்கான புனைகதைப் பரிசு பெற்றது. 1981 இல் யாழ்ப்பாணத்தில் டொக்டராக வர ஆசைப்படுகிற சசி என்ற பதினாறு வயதுப் பிள்ளை, அவளுடைய நாலு சகோதரர்கள், பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன். பிறகு நடப்பது எங்களுக்குத் தெரிந்த சரித்திரம்தான்: நூலகம் எரிகிறது, 83 வருகிறது, பெடியள் ஒவ்வொருவராக வீட்டை விட்டுப் போகிறார்கள். தெரிந்த கதை எண்டாலும் எங்களில் மூன்று பேர் ஒரே இரவில் நூறு பக்கம் வாசித்தோம். காரணம், சசி இடைக்கிடை கதையை நிறுத்திவிட்டு வாசிக்கிற ஆளைப் பார்த்தே கதைக்கிறாள். நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும், அவசரப்பட்டு முடிவெடுக்காதே என்கிற மாதிரி. அவள் இயக்கத்தின் வைத்தியசாலையில் வேலை செய்கிறாள். அதே இயக்கம் செய்கிறதை எழுதி வைக்கிற வேலையிலும் சேருகிறாள். அவள் எந்தப் பக்கம்? முதல் சுற்றில் இதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவேயில்லை. ஒரு தோழி சொன்னது: "இவள் என்ர அம்மம்மா மாதிரி. வந்த எல்லாருக்கும் சோறு போட்டவ. எல்லாரிலயும் கோபமாயும் இருந்தவ."

அந்த நாவலில் அஞ்சலி என்று ஒரு உடற்கூற்றியல் விரிவுரையாளர் வருகிறார். அவர் யாருடைய சாயலில் வந்தவர் என்று தெரிந்த பிறகு 'முறிந்த பனை'யை எடுக்காமல் இருக்க முடியவில்லை. ராஜினி திராணகம யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர். 1989 செப்டெம்பர் 21 அன்று கம்பஸில் இருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன் ஆகியோரும் சேர்ந்து எழுதிய அந்த நூல் அவர் இறந்த பிறகு 1990 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

நாவல் வாசித்த வேகத்தில் இதை வாசிக்க முடியாது. இது அறிக்கை. திகதி, இடம், யார் சொன்னது என்று போகும். அலுப்படிக்கிற பக்கங்களும் இருக்கின்றன, ஒளிக்காமல் சொல்கிறோம். ஆனால் இந்திய இராணுவ காலத்துப் பெண்களின் அனுபவங்களை ராஜினி எழுதியிருக்கிற பகுதிக்கு வந்தபோது அறையில் ஒருத்தரும் கதைக்கவில்லை. அரசு, இந்திய இராணுவம், புலிகள், மற்ற இயக்கங்கள் எண்டு ஒருவரையும் விட்டுவைக்காமல் கேட்கிற நூல் இது. அதனாலேயே எல்லாப் பக்கமும் இதை மற்றப் பக்கத்துப் புத்தகம் என்று சொல்ல வசதியாகப் போய்விட்டது.

எங்களுக்கு உறைத்தது இன்னொரு விஷயம். எழுதின நாலு பேரில் இரண்டு பேர் கணிதம் படிப்பித்தவர்கள், ஒருவர் உளமருத்துவர், ஒருவர் உடற்கூற்றியல். கலைப்பீடத்து ஆள் ஒருவரும் இல்லை. சமூகத்தைப் படிக்கிறோம், மொழியைப் படிக்கிறோம், வரலாற்றைப் படிக்கிறோம் எண்டு அசைன்மென்ட் எழுதுகிற எங்களுக்கு இது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்றாவது, தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்'. பெரிய சண்டை வந்த புத்தகம். புலிகளின் மகளிர் அரசியல் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர். 1991 இல் சேர்ந்து, 2009 இல் சரணடைந்து, சிறையும் புனர்வாழ்வும் கடந்து 2013 இல் வெளியே வந்தவர். 2015 ஒக்ரோபரில் புற்றுநோயால் இறந்தார். புத்தகம் அடுத்த வருஷம் வந்தது. அவர் எழுதியதுதானா, இடையில் யாரும் கை வைத்தார்களா என்று அப்போதே கேள்விகள் எழுந்தன. எங்களில் ஒருவரின் மாமா, "அதை வீட்டுக்குள்ள கொண்டு வராதை" என்றே சொல்லிவிட்டார். வாசித்தீங்களா மாமா எண்டு கேட்டதற்கு, "வாசிக்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும்" என்றாராம்.

முதல் சுற்றில் எங்களைப் பிடித்து நிறுத்தினது அரசியல் பக்கங்கள் இல்லை. சிறைப் பக்கங்கள். வெலிக்கடையில் வேறு வேறு குற்றங்களுக்காக உள்ளே இருந்த பெண்களோடு ஒரு முன்னாள் போராளி வாழ்கிற நாட்கள். மேடையில் நின்று ஆயிரம் பேருக்கு முன்னால் பேசின ஒருவர், அங்கே இன்னொரு கைதி. அதை வாசிக்கும்போது அவரோடு உடன்படவும் தேவைப்படவில்லை, எதிர்க்கவும் தேவைப்படவில்லை.

இரண்டாம் சுற்றில்தான் சண்டை. "தோற்ற பிறகு எல்லாருக்கும் ஞானம் வரும். பொறுப்பில் இருந்தபோது ஏன் சொல்லேல்லை?" என்றார் ஒருவர். "அப்ப சொல்லியிருந்தால் இப்ப இந்தப் புத்தகம் இருந்திருக்குமோ?" என்றார் மற்றவர். "காவலில் இருந்து வந்த ஒராள், கண்காணிப்புக்குள்ள இருந்து எழுதினதை முழு மனசோட எழுதினது எண்டு எப்பிடி எடுக்கிறது?" எண்டு மூன்றாவது ஆள். இரண்டரை மணித்தியாலம் போனது. முடிவு வரவில்லை. ஆனால் பாருங்கள், இது மூன்றும் "எந்தப் பக்கம்?" என்ற கேள்வியை விட எவ்வளவு நல்ல கேள்விகள். எழுதினவர் எங்கே நின்று எழுதினார், அங்கேயிருந்து அவருக்கு எது தெரிந்தது, எதைச் சொல்ல முடியாமல் இருந்தது? புத்தகத்தை முழுதாக வாசித்த ஆளால்தான் இப்படிக் கேட்க முடியும். மாமாவால் கேட்க முடியாது.

நாலாவது, ஸர்மிளா ஸெய்யித்தின் 'உம்மத்' நாவல், 2014 இல் வந்தது. இதை முன்மொழிந்தவர் ஏறாவூர்த் தோழி. கிழக்கில் மூன்று பெண்கள். இயக்கத்தில் இருந்து திரும்பி வந்த இரண்டு தமிழ்ப் பெண்கள், அவர்களோடு நிற்கிற தவக்குல் என்ற முஸ்லிம் பெண். போராளிகளாக இருந்த பெண்களை அவர்களுடைய சொந்தச் சமூகமே எப்படிப் பார்க்கிறது என்பதும், ஒரு முஸ்லிம் பெண் வெளியே வந்து வேலை செய்தால் அவளுடைய சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லப்படுகிறது. கதை சில இடங்களில் கட்டுரை மாதிரிப் போகிறது என்று இரண்டு பேர் குறை சொன்னார்கள். நியாயமான குறைதான்.

ஆனால் அன்றைக்கு அந்தத் தோழி சொன்னதை இங்கே எழுதாமல் விட ஏலாது. "நீங்க 'பக்கம்' எண்டு சொல்றப்ப ரெண்டு பக்கத்தை மட்டும்தான் எண்ணுறீங்க. 1990 இல பள்ளிவாசலுக்குள்ள சுடப்பட்டவங்க எந்தப் பக்கம்? ரெண்டு மணித்தியாலத்துல யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்ன சனம் எந்தப் பக்கம்?" வடக்கைச் சேர்ந்த நாங்கள் மூன்று பேர் பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வருஷம் படித்தோம். 1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை எந்தப் பாடத்திலும் ஒரு ஆசிரியரும் எங்களுக்குச் சொன்னதில்லை. ஒரு நாவலைச் சாட்டித்தான் அந்தப் பேச்சே எங்களுக்குள் வந்தது. நாவலின் குறைகள் குறைகள்தான். ஆனாலும் எங்களுக்கு இது நடந்தது.

ஐந்தாவது, தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைகள். பதுளையில் ஒரு தோட்டத்தில் பிறந்து, 2022 ஒக்ரோபரில் இறக்கும் வரைக்கும் மலையகத்தை எழுதினவர். 2013 இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கிடைத்த பிறகுதான் தமிழ்நாட்டில் பலரும் அவரை வாசித்தார்கள். வடக்கில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம் என்று கேட்டால் பதில் சங்கடமானது. 'மீன்கள்' கதையை எல்லாரும் வாசித்தோம். ஒரே ஒரு லயக்காம்பரா. அதற்குள் புருஷன், பெண்சாதி, வளர்ந்த பிள்ளைகள். இரவில் விளக்கை அணைத்த பிறகு அந்த இடநெருக்கடி ஒரு குடும்பத்தின் மானத்தை என்ன செய்கிறது என்பதுதான் கதை. பிரசங்கம் இல்லை. போராட்டக் கோஷம் இல்லை. ஆனால் வாசித்து முடித்த பிறகு "வீட்டுத் திட்டம்" என்ற சொல்லை நியூஸில் கேட்டால் முதல் மாதிரிக் கேட்காது.

மஸ்கெலியாத் தோழர் அன்றைக்குக் கடைசியாகத்தான் கதைத்தார். "எங்களுக்கு இந்தக் கேள்வியே வேற. 48ல குடியுரிமைய எடுத்தாங்க, அடுத்த வருஷம் ஓட்டையும் எடுத்தாங்க. நீ எந்தப் பக்கம்னு யாரும் கேட்கல, நீ எந்த நாடுன்னுதான் கேட்டாங்க." பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார்: "கதையில எனக்குப் புதுசா ஒண்ணும் இல்ல. எங்க வீட்டைப் பத்தி நான் சொல்லக் கூச்சப்பட்டத அவரு எழுதிட்டாரு. இனி நீங்களே வாசிச்சுக்கலாம்."

கடைசிப் புத்தகம் படங்களால் ஆனது. 'வன்னி'. பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொலொக் வரைந்தது. 2019 இல் வந்தது. சுனாமியில் தொடங்கி 2009 வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கிற குடும்பங்களின் கதை. டிக்ஸ் ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்தவர். 2008 செப்டெம்பரில் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறினபோது அவரும் வெளியேறினார். எங்கட கூட்டத்துக்குள்ளேயே முணுமுணுப்பு வந்தது: "வெள்ளைக்காரன் எழுதினதை வைச்சு எங்கட கதையை நாங்கள் வாசிக்கிறதோ?" இதுவும் "ஆள் எந்தப் பக்கம்?"தான், வேற சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

முல்லைத்தீவுத் தோழி அந்தப் புத்தகத்தை லீவுக்கு வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவளுடைய அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் படத்துக்கு இங்கிலீஷ் தேவையில்லைத்தானே. குசினிக்குள் இருந்து வந்து பக்கங்களைப் பிரட்டத் தொடங்கினாவாம். ஒரு பங்கர் படத்தில் கையை வைத்து, "நாங்கள் இப்பிடி வெட்டேல்லை. எல் மாதிரி வளைச்சு வெட்டினால்தான் சன்னம் நேர உள்ளுக்கு வராது" என்றாவாம். இன்னொரு படத்துக்கு, "மண்மூட்டைக்கு உரப்பையே கிடைக்கேல்லை. என்ர கூறைச் சேலையை வெட்டித்தான் தைச்சனான்" என்றாவாம். அம்மாவின் கூறைச் சேலை எங்கே எண்டு அவள் சின்ன வயதில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவள். "இடம்பெயரேக்க துலைஞ்சு போச்சு" என்பதுதான் பதினைந்து வருஷமாகக் கிடைத்த பதில்.

அந்தத் தாய் டிக்ஸ் யார் எண்டு கேட்கவில்லை. படம் பிழை எண்டு சொன்னா. பிழை எண்டு சொல்வதற்காகத் தன்னுடைய கதையைச் சொல்லத் தொடங்கினா. வெளியே இருந்து வந்த ஒராள் எங்கட கதையைச் சொல்லலாமா என்பது பெரிய கேள்வி, அதைக் கேட்கத்தான் வேண்டும். இரண்டாம் சுற்றில் நாங்களும் கேட்டோம். ஆனால் அதை முதலே கேட்டு அந்தப் புத்தகத்தை வேண்டாம் எண்டு வைத்திருந்தால், முல்லைத்தீவில் ஒரு வீட்டில் அந்தக் கதை வந்திருக்காது.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, "அப்ப எழுதினவர் யார் எண்டதே முக்கியமில்லையோ தம்பியவை?" எண்டு சிலர் கேட்பீர்கள். முக்கியம்தான். கொலையை நியாயப்படுத்துகிற ஒருவர் நல்ல தமிழில் எழுதினால் அது நியாயமாகிவிடாது. யார் பணம் போட்டார்கள், எந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள், யாருடைய பெயரை மாத்தினார்கள் எல்லாம் கேட்க வேண்டும். நாங்கள் அந்தக் கேள்விகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வாசித்த ஆளுடைய கையில் குடுக்கச் சொல்கிறோம்.

எதிர்ப்பக்கம் எண்டால் ஒதுக்குவது போல, எங்கட பக்கம் எண்டால் ஒரேயடியாகப் புகழுவதும் இதே வருத்தம்தான். எங்கட நூல் வெளியீட்டு விழாக்களைப் பாருங்கள். மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயப்புரை, கடைசியில் ஏற்புரை. மூன்று மணித்தியாலத்தில் இரண்டாம் அத்தியாயம் ஏன் இழுபடுகிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. பாதிப் பேர் வாசிக்காமலே புகழுகிறார்கள், அது எழுதினவருக்கும் தெரியும். பாவம், அவர் ஐந்து வருஷம் கஷ்டப்பட்டு எழுதியிருப்பார். அவருக்கு வேண்டியது பொன்னாடையை விட, தன் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசித்த ஒராள்.

ஆகவே இதை வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்று பேர் இருந்தாலே போதும், ஒரு கூட்டம் போடலாம். காசு இல்லாவிட்டால் நூலகம் இணையத்தளத்தைத் திறவுங்கள். 2005 இல் இருந்து ஈழத்துப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கான் பண்ணி இலவசமாகப் போட்டு வருகிறார்கள். ஒரு நாவல் எண்டால் அடுத்தது ஒரு அறிக்கை, பிறகு கவிதை, பிறகு படக்கதை எண்டு மாத்தி மாத்தி எடுங்கள். ஒரே வகையை வாசித்துக்கொண்டிருந்தால் கதைப்பதும் ஒரே மாதிரித்தான் இருக்கும். கூட்டத்தில் உங்கட ஊரில்லாத, உங்கட சமயம் இல்லாத ஒராளாவது இருக்கட்டும். முதல் சுற்றில் புத்தகத்தை மட்டும் கதையுங்கள். வாசித்து முடிக்காமல் வந்தவர் அன்றைக்குத் தேத்தண்ணிக் காசு குடுக்கட்டும். எங்கட விதி அதுதான்.

அடுத்த செமஸ்டருக்கு கே. டானியலின் 'பஞ்சமர்' எடுத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்துச் சாதியைப் பற்றின நாவல். இதற்குள் "ஆள் எந்தப் பக்கம்?" எண்டு கேட்டால் எழுதினவரை விட வாசிக்கிற எங்களில் சிலர்தான் பதில் சொல்ல வேண்டி வரும். அதனால் முதல் சுற்று எப்படிப் போகும் எண்டு இப்போதே எங்களுக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. போட்டோக்கொப்பி எடுத்தாச்சு. வாசிக்கத் தொடங்கியாச்சு.